கணக்கை முடித்துவிடாதே, மாப்பிள்ளை

திருமங்கலம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதிக்கொள்வது.  

போன வாரம் உன் அம்மா சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. நீ வேலையாகப் பெங்களூர் போயிருந்த ராத்திரி மகளுக்குக் கடுமையான காய்ச்சல். தூங்கிக்கொண்டிருந்த பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு, செயலியில் ஆட்டோ பிடித்து, தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருக்கிறாள். எதிர்வீட்டில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்ததாம். உனக்குப் போன் போட்டு, "ஏம்ப்பா, எதிர்வீட்டுக் கதவைத் தட்டிப் பிள்ளையை விட்டுட்டுப் போயிருக்கலாமே?" என்று கேட்டேன். "அவங்களை யாருன்னே தெரியாது மாமா. இங்க யாரும் யாரையும் தொந்தரவு பண்றதில்ல" என்றாய். அதை ஒரு நல்ல விஷயமாகவே சொன்னாய். அன்றிலிருந்து அது மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. போனில் பேசினால் பாதியில் நிற்கும் என்றுதான் கடிதம் எழுதுகிறேன். நிதானமாகப் படி. மகளிடமும் கொடு.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று: அக்கம்பக்கத்தில் உதவி கேட்கப் பழகு. கொடுக்க உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உன் கை தாராளமான கை. ஆனால் யாரிடமும் எதையும் கேட்காமல், யாருக்கும் எந்தக் கடனும் படாமல் இருப்பதைக் கௌரவமாக நினைக்கிறாய். வங்கிக்கு வருஷக்கணக்கில் வீட்டுக் கடன் பட்டவன், எதிர்வீட்டுக்கு ஒரு கரண்டி உறைமோர்க் கடன் படக் கூசுகிறாய். எதையுமே கேட்காதவனிடம் மற்றவர்களும் கேட்கத் தயங்குவார்கள். இன்றைக்கு நீ ஏணி இரவல் வாங்கினால், அடுத்த வாரம் அவர் உன்னிடம் ஸ்க்ரூடிரைவர் கேட்பார். அந்தச் சின்னச் சின்ன வாங்கல் கொடுக்கலில்தான் பாதி ராத்திரியில் கதவைத் தட்டும் உரிமை வருகிறது. அந்தப் பழக்கம் இல்லாமல் ஆபத்து நேரத்தில் முதல்முறையாகப் போய் நிற்க யாருக்கும் கால் வராது. மகளுக்கு வராததில் ஆச்சரியமில்லை.

தபால்காரனாகத் தெருத்தெருவாக அலைந்தவன் என்பதால் இதைத் தெரிந்துதான் சொல்கிறேன். பணம் மணியார்டரில் வந்த காலம் அது. உரியவர் கையில்தான் கொடுக்க வேண்டும். கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். சில தெருக்களில் நான் சைக்கிளை விட்டு இறங்குவதற்குள் பக்கத்துத் திண்ணையிலிருந்து குரல் வரும்: "ஆத்தா பேரையூர்ல மக வீட்டுக்குப் போயிருக்கு. கண்ணுல புரை எடுத்திருக்காங்க. வெள்ளிக்கிழமை வந்துரும்." இன்னும் சில தெருக்களில் வீடெல்லாம் பெரிசு, கேட்டும் உயரம். பக்கத்து வீட்டில் விசாரித்தால் "தெரியலையே" என்பார்கள். அப்படி ஒரு தெருவில், வெளியூர் மகன் அனுப்பிய பணத்தைக் கொண்டுபோன நான்தான், ஒரு பாட்டி இடுப்பு ஒடிந்து தரையில் கிடந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முந்தின நாள் மத்தியானமே விழுந்திருக்கிறார். இரண்டு பக்கமும் சுவரை ஒட்டி வீடு. ஆள் இருந்த வீடு. கெட்டவர்கள் என்று யாரையும் சொல்ல மாட்டேன். அந்தப் பாட்டியிடம் எதற்கும் போக வேண்டிய தேவை அவர்களுக்கு இருந்ததில்லை, அவ்வளவுதான்.

உன் அம்மாச்சி இறந்தபோது நீ கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாய். வந்து நின்று அழுதாய். மற்றது எதுவும் உன் கண்ணில் பட்டிருக்காது. விடிவதற்குள் எதிர்வீட்டு வாசல் கூட்டித் தெளித்து, வருகிறவர்கள் உட்காரப் பெஞ்சு வந்துவிட்டது. கேத வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்பதால், மூன்றாவது வீட்டிலிருந்து காப்பியும் மத்தியானச் சோறும் வந்துகொண்டே இருந்தன. மரக்கடை பாய் மூங்கிலும் கீற்றும் அனுப்பிவிட்டு, காசைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கொட்டத்தில் நின்ற நம் பசுவை யார் அவிழ்த்துக்கொண்டு போய்த் தண்ணீர் காட்டிக் கறந்தார்கள் என்பது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. நான் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிடும் நிலையிலும் இல்லை. ஆனால் அவர்களில் ஒவ்வொருவருக்கும் அம்மாச்சி ஏதோ ஒரு சமயம் செய்திருந்தாள். அதைவிட முக்கியம், ஒவ்வொருவரிடமும் ஏதோ ஒன்றை வாங்கியும் இருந்தாள்.

இந்தச் சூட்சுமம் நம் மொய் நோட்டிலேயே இருக்கிறது. மொய் என்றால் நீ முகம் சுளிப்பாய், தெரியும். ஆனாலும் கவனி. நம் பக்கம் வந்த செய்முறையைத் திருப்பிச் செய்யும்போது அதே தொகையை வைப்பதில்லை. மேலே கொஞ்சம் சேர்த்துத்தான் வைப்போம். சரிக்குச் சரி வைத்தால் கணக்கு தீர்ந்தது, உறவும் தீர்ந்தது என்று அர்த்தமாகிவிடும். கூடுதலாக வைத்தால் இப்போது அவர் செய்ய வேண்டும், போக்குவரத்து நிற்காது. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதம் மொய் விருந்து என்றே தனியாக நடத்துகிறார்கள். கறிச்சோறு போட்டு மொய் வாங்கி, அந்தப் பணத்தில் ஒருவர் தொழில் தொடங்குவார், ஒருவர் பிள்ளையைப் படிக்கவைப்பார். பிறகு அடுத்தடுத்தவர் விருந்தில் திருப்பிச் செய்வார்கள். அதில் திருப்பிச் செய்ய முடியாமல் திணறியவர்களும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் ஒருவருக்கொருவர் கொஞ்சம் பாக்கி இருப்பதுதான் ஊரைச் சேர்த்துப் பிடிக்கிறது என்பதை நம் சனம் நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறது.

இதெல்லாம் கிராமத்துக்குச் சரி, சென்னைக்கு ஒத்துவராது என்பாய். சென்னைக்குத்தான் இது அதிகம் வேண்டும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாறு கரை மீறியது. கரண்ட் போனது, பல இடங்களில் செல்போனும் போனது. அப்போது தரைத்தளத்துக்காரர்களை மாடிவீட்டுக்காரர்கள் ஏற்றிக்கொண்டார்கள். மீனவர்கள் படகோடு வந்தார்கள். பள்ளிவாசல்கள் கதவைத் திறந்துவிட்டன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, இப்போது நீ வீடு வாங்கியிருக்கும் பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர் வடிய எத்தனை பாடு பட்டார்கள் என்று உன் கட்டடத்தில் பழைய ஆட்களைக் கேள். அந்த நேரத்தில் எந்தச் செயலியும் ஆட்டோ அனுப்பாது. படியேறி வரும் தூரத்தில் இருப்பவர்தான் வருவார்.

இது நம் ஊருக்கு மட்டும் இல்லை. ஜப்பானில் கோபே நகரத்தை உலுக்கிய நிலநடுக்கம் 1995 ஜனவரி 17-ல், விடியற்காலை 5.46 மணிக்கு வந்தது. 6,400 பேருக்கு மேல் இறந்தார்கள். இடிபாட்டிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை வெளியே இழுத்தது வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும்தான். அங்கே அவாஜி தீவில், நிலம் பிளந்த இடத்திலேயே, ஹொக்குடான் என்று ஒரு சிற்றூர். அங்கே ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்தும் தீயணைப்புக் குழு இருந்தது. எந்த வீட்டில் யார் எந்த அறையில் படுப்பார்கள் என்பது அவர்களுக்கு அத்துப்படி. நேராக அந்த இடத்தைத் தோண்டினார்கள். இடிபாட்டில் சிக்கியவர்களைத் தேடும் வேலையை அன்றைக்கே முடித்துவிட்டார்கள். கோபேயில் அது நாள்கணக்கில் நீண்டது. இதைப் படித்தபோது எனக்கு அந்தப் பாட்டிதான் நினைவுக்கு வந்தார்.

அதே 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் அனல் வீசி 700 பேருக்கு மேல் இறந்தார்கள். எரிக் கிளினன்பெர்க் என்ற சமூகவியலாளர் இதை ஆராய்ந்து 2002-ல் புத்தகமாக எழுதினார். நார்த் லான்டேல், சவுத் லான்டேல் என்று ஒட்டியிருக்கும் இரண்டு பகுதிகள். இரண்டிலும் வறுமை உண்டு, தனியாக வாழும் முதியவர்களும் உண்டு. ஆனால் நார்த் லான்டேலில் சாவு விகிதம் ஏறக்குறைய பத்து மடங்கு. சவுத் லான்டேலில் தெரு நெடுகக் கடை, ஆள் நடமாட்டம். வயதானவர்கள் தைரியமாக வெளியே வந்தார்கள். மற்றதில் தொழிற்சாலைகளும் கடைகளும் மூடி, சனம் வெளியேறி, தெரு வெறிச்சோடிக் கிடந்தது. பயந்து கதவைச் சாத்திக்கொண்டவர்கள் உள்ளேயே மடிந்தார்கள். உன் தெருமுனை அண்ணாச்சி கடை வெறும் கடை இல்லை என்பதற்கு இதைவிட என்ன சொல்ல? பத்து நிமிஷத்தில் பால் பாக்கெட் வீடு தேடி வரும்தான். ஆனால் நாலு நாள் நீ வராவிட்டால் "எங்க, ஆளையே காணோம்?" என்று கேட்பவர் அண்ணாச்சிதான். நடந்து போய் வாங்கு.

உன் மறுப்பும் எனக்குத் தெரியும். பழகினால் "சம்பளம் எவ்வளவு, அடுத்த பிள்ளை எப்போ" என்று மூக்கை நுழைப்பார்கள் என்பாய். நுழைப்பார்கள். சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றப் பழகு. அந்தச் சங்கடத்துக்குப் பயந்து கதவையே சாத்திக்கொள்வது சரியில்லை.

அதைவிடக் கனமான விஷயம் ஒன்று உண்டு. நான் பெருமையாகச் சொல்லும் தெருக்கள் எல்லாருக்கும் திறந்திருந்த தெருக்கள் இல்லை. ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்து வைத்துக்கொண்டுதான் நாம் ஒற்றுமை பேசினோம். பந்தலுக்குக் கீற்றுச் சுமந்த அதே கை, குழாயடியில் இன்னொருவர் குடத்தை விலக்கியதும் உண்டு. அதை மாற்றத்தான் 1998-ல் நம் திருமங்கலத்துக்குப் பக்கத்தில் மேலக்கோட்டையில்தான் முதல் சமத்துவபுரம் திறந்தார்கள். 100 வீடு. ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. சாதிக்கு ஒரு தெரு என்று பிரியாதபடி வீடுகளைக் கலந்து ஒதுக்கினார்கள். அடுத்த சுவருக்கு யார் வந்தாலும் அவர்தான் உன் பக்கத்து வீட்டுக்காரர். அதில் பொறுக்கி எடுக்கும் வேலை கூடாது. உன் கட்டடத்தில் நம்ம ஆட்களாகத் தேடிப் பிடித்துப் பழகாதே. வாடகைக்கு வருகிறவரிடம் சாதி, மதம், கறி தின்பாரா என்று விசாரித்து யாராவது தடுத்தால், அன்று நீ வாய் திறக்க வேண்டும். அதில் நீ பேசாமல் இருந்தால், நான் எழுதிய மற்றதெல்லாம் வீண்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை மகளும் நீயுமாக எதிர்வீட்டுக்குப் போய் உறைமோர் கேளுங்கள். யாரும் இல்லை என்று சொல்லாத பொருள் அது. கொடுத்தவருக்கும் மனசு நிறையும். கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காதே. நாலு முறுக்கோ ஒரு கை கறிவேப்பிலையோ போட்டுக் கொடு. பிறகு அவர்கள் கிண்ணம் உன் வீட்டுக்கு வரும். கொஞ்ச நாள் பழகி நம்பிக்கை வந்ததும் ஒரு மாற்றுச் சாவியை அவர்களிடம் கொடுத்து வை. உங்கள் மாடியிலும் கீழ்மாடியிலும் தனியாக இருக்கும் வயதானவர்கள் யார், அவர்கள் பிள்ளைகளின் நம்பர் என்ன என்று தெரிந்து எழுதி வை.

சங்கக் கூட்டம் என்றால் தட்டிக் கழிக்காதே. 2022-ல் வந்த அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டமே உரிமையாளர் சங்கத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பராமரிப்புக் காசை அனுப்பிவிட்டால் கடமை தீரவில்லை. அங்கே போய் உட்கார்ந்தால்தான் முகங்கள் பழகும். வாடகைக்கு இருப்பவர்களையும் கூப்பிட்டு உட்காரவை. வாட்ச்மேன், மாடிப்படி கூட்டும் அம்மா, இவர்களைப் பேர் சொல்லி, மரியாதையோடு கூப்பிடு. அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு அழைத்தால் போய் நில். பாப்பாவைச் சாயங்காலம் கீழே விளையாட விடு. பிள்ளைகள் பழகினால் பெற்றவர்கள் தானாகப் பழகுவார்கள்.

யாராவது உனக்கு ஒரு நல்லது செய்தால் உடனே பதிலுக்குச் செய்து நேர் பண்ணிவிடத் துடிப்பாய். உன் சுபாவம் எனக்குத் தெரியும். அவசரப்படாதே. கொஞ்ச நாள் கடன்பட்டிரு. திருப்பும்போது மேலே கொஞ்சம் வைத்துத் திருப்பு. யாரோடும் கணக்கை முடித்துவிடாதே.

பொங்கலுக்கு நானும் அத்தையும் வருகிறோம். கரும்புக் கட்டு வாங்கி வைத்திருக்கிறேன். உங்கள் மாடியில் எத்தனை வீடு என்று எழுது, அதற்குத் தக்கபடி எடுத்து வருகிறேன். மகளை வெந்நீர் குடிக்கச் சொல். பாப்பாவுக்கு முத்தம்.

அன்புடன்,
உன் மாமா