சிறுநீர் கூறும் செய்தி

பெங்களூருவில் 1900ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற விக்டோரியா மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையாயினும், தெருமுனையில் உள்ள சிறிய ஆய்வகமாயினும், 'மூத்ர பரீக்ஷெ' என்னும் கன்னடச் சொற்கள் வழங்குகின்றன. சிறுநீர்ப் பரிசோதனை என்பதே அவற்றின் பொருள். கன்னடம் அறியாத பாட்டிக்கும் தாத்தாவுக்கும் இதனை எடுத்துரைக்கும் பொறுப்பு, தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகளுக்கே வாய்க்கிறது.

சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதி மீண்டும் குருதியில் சேர்கிறது. ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரையே சிறுநீராக வெளியேறுகிறது. சர்க்கரையும் புரதமும் உடலுக்குத் தேவையானவை. ஆதலால் நலமுள்ளவரின் சிறுநீரில் அவை மிகக் குறைவாகவே இருக்கும்.

சிறுநீரை உற்றுநோக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. நோயறியச் சித்த மருத்துவம் கூறும் எண்வகைத் தேர்வுகளுள் இதுவும் ஒன்று. நிறம் முதலியவற்றைக் காண்பது நீர்க்குறி. சிறுநீரின் மேல் நல்லெண்ணெய்த் துளியிட்டு அது பரவும் வடிவத்தைக் காண்பது நெய்க்குறி. பாம்புபோல் நீண்டால் வாதம், மோதிரம்போல் வளைந்தால் பித்தம், முத்துப்போல் நின்றால் கபம் என்பர்.

இக்கால ஆய்வகச் சோதனை மூன்று படிகளை உடையது. முதலாவது, நிறத்தையும் தெளிவையும் கண்ணால் காண்பது. இரண்டாவது, வேதிச் சோதனை. நீல நிறமுடைய பெனடிக்ட் கரைசலில் சில துளிச் சிறுநீர் சேர்த்துக் கொதிக்க வைப்பர். சர்க்கரையின் அளவிற்கேற்ப அது பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு என மாறும். 1956இல் அமெரிக்காவில் சர்க்கரையைக் கண்டறியும் சோதனைப்பட்டை விற்பனைக்கு வந்தபின் இவ்வேலை எளிதாயிற்று. மூன்றாவது, நுண்ணோக்கியின் வழியே அணுக்கள், படிகங்கள், கிருமிகள் ஆகியவற்றைத் தேடுவது.

சோதனை சரியாக அமைவது, சிறுநீரைச் சேகரிக்கும் முறையையும் பொறுத்தது. முதலில் வருவதை விடுத்து, இடையில் வருவதைத் தூய புட்டியில் பிடித்தல் வேண்டும். இரண்டு மணி நேரத்திற்குள் ஆய்வகத்தில் சேர்த்தல் வேண்டும். புட்டியின் மேல் பெயர் தெளிவாக எழுதப்பட்டிருத்தல் இன்றியமையாதது. பெயர் மாறினால், ஒருவர் நோய்க்கு மற்றொருவர் மருந்துண்ண நேரிடும்.

சிறுநீரக நோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலி தருவதில்லை. சிறுநீரில் கசியும் புரதமே பலர்க்கு முதல் எச்சரிக்கை. வெட்கத்தால் சோதனையைத் தள்ளிப்போடுவோர் அவ்வெச்சரிக்கையை இழக்கின்றனர். அதனை அன்புடன் எடுத்துரைக்கும் பேரப்பிள்ளை, மருத்துவர்க்கும் முதியோர்க்கும் இடையே பாலமாகிறார்.

அருஞ்சொற்பொருள்
குருதி – இரத்தம்
நீர்மம் – திரவம்
இன்றியமையாதது – மிகத் தேவையானது

பயிற்சி
1. நீர்க்குறி, நெய்க்குறி – வேறுபடுத்துக.
2. ஆய்வகச் சோதனையின் மூன்று படிகள் யாவை?
3. புட்டியின் மேல் பெயர் எழுதுவது ஏன் இன்றியமையாதது?
4. சிறுநீரைச் சேகரிக்கும் முறையைப் பாட்டிக்கு விளக்குவதுபோல் ஐந்து தொடர்களில் எழுதுக.