நம்பிக்கைகளும் உண்மைகளும்: பாதி மாத்திரைக் கணக்கு

மனச்சோர்வு மாத்திரையை நிறுத்துவது பற்றி ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு நம்பிக்கைகள் புழங்குகின்றன. ஆரம்பித்தால் விடவே முடியாது, அடிமையாகிவிடுவோம் என்பது ஒன்று. மனம் தேறியபின் பாதியாக உடைத்துச் சில நாள், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், அப்படியே இரண்டு வாரத்தில் விட்டுவிடலாம் என்பது மற்றது. இரண்டாவதை நம்பி நிறுத்தியவர்கள் படும் அவஸ்தைதான் முதலாவதற்குச் சாட்சியாகிவிடுகிறது என்பது வேடிக்கை. போதைக்கு அடிமையானவருக்கு அடங்காத வேட்கை இருக்கும். அளவு ஏறிக்கொண்டே போகும். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளில் அப்படி நடப்பதில்லை. நடப்பது வேறு: மாதக்கணக்கில் மருந்தோடு இருந்த மூளை அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது, மருந்து சட்டென்று விலகினால் தடுமாறுகிறது. தலைசுற்றல், குமட்டல், தூக்கமின்மை, விசித்திரமான கனவுகள், காரணமில்லாத எரிச்சல், கண்ணைத் திருப்பினால் தலைக்குள் ‘ஷாக்’ அடிப்பது போன்ற உணர்வு எல்லாம் இதன் அடையாளங்கள். ரத்த அழுத்தத்துக்குத் தரும் பீட்டா பிளாக்கரையும் திடீரென்று நிறுத்தக்கூடாது. அதற்காக யாரும் அதைப் போதைப்பொருள் என்று சொல்வதில்லை.

தவறு பாதி மாத்திரைக் கணக்கில் இருக்கிறது. மருந்தைப் பாதியாக்கினால் விளைவும் பாதியாகும் என்று நினைக்கிறோம். மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2019இல் ‘லான்செட் சைக்யாட்ரி’ இதழில் எழுதிய கட்டுரை, மூளை ஸ்கேன் தரவுகளைக் கொண்டு இதை மறுத்தது. சிட்டலோபிராம் 20 மில்லிகிராம், மூளையில் தான் பிடிக்க வேண்டிய இடங்களில் சுமார் 80 சதவீதத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஏறத்தாழ 9 மில்லிகிராமிலும் அது 70 சதவீதத்துக்குத்தான் இறங்குகிறது. 5 மில்லிகிராமை ஒட்டி 60; இரண்டேகால் மில்லிகிராமில்கூட இன்னும் 40. ஆக, 20இலிருந்து 10க்கு வருவது சின்ன இறக்கம். 5இலிருந்து பூஜ்யத்துக்குப் போவது பெரும் சரிவு. கடைசிப் படி மட்டும் ஆளுயரம் உள்ள மாடிப்படி இது. “பாதியாக்கியபோது ஒன்றும் ஆகவில்லை, நிறுத்தியதும்தான் எல்லாம் வந்தது” என்று பலரும் சொல்வதன் காரணம் இந்த வளைகோட்டில் இருக்கிறது.

ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது இன்னும் மோசமான யோசனை. பராக்ஸிடின் ஏறக்குறைய ஒரே நாளில் உடலில் பாதியாகிவிடும். இரண்டு நாள் இடைவெளியில் கால்வாசிதான் மிஞ்சும். வென்லாஃபாக்சின் சில மணி நேரத்திலேயே பாதியாகிறது. மெல்லக் குறைப்பதாக நினைத்துக்கொண்டு, நாள் மாற்றி நாள் மருந்தை நிறுத்தித் தொடங்குகிறோம். ஃப்ளூஆக்ஸிடின் மட்டும் விதிவிலக்கு. அது வாரக்கணக்கில் உடலில் தங்குவதால் தொந்தரவு குறைவு, வந்தாலும் தாமதமாகத்தான் வரும்.

நிறுத்தியபின் வரும் அவதியை நோய் திரும்பிவிட்டது என்றே எடுத்துக்கொள்வதும் பரவலான தவறு. மருந்து விலகும் தொந்தரவு பெரும்பாலும் சில நாட்களில் தொடங்கும். முன்பு நோயில் இல்லாத உடல் அறிகுறிகளோடு வரும். பழைய அளவுக்குத் திரும்பினால் சீக்கிரம் அடங்கும். நோய் திரும்புவதோ பொதுவாக வாரங்கள், மாதங்கள் எடுத்து மெல்ல ஏறும். இதற்காக நோய் திரும்பவே திரும்பாது என்று சொல்ல வரவில்லை. பிரிட்டனில் நடந்து 2021இல் வெளியான ஆன்ட்லர் ஆய்வில், மருந்தை நிறுத்தியவர்களில் 56 சதவீதத்தினருக்கும், தொடர்ந்தவர்களில் 39 சதவீதத்தினருக்கும் ஓராண்டுக்குள் மனச்சோர்வு திரும்பியது. நிறுத்துவதில் ஆபத்து உண்டு, தொடர்வதும் முழுக் காப்பு அல்ல என்ற இரண்டையும் இந்த எண்கள் சேர்த்தே சொல்கின்றன.

இதெல்லாம் மிகை, வரும் என்று பயந்தாலே வந்துவிடும் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. 2024இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், மருந்தை நிறுத்தியவர்களில் சுமார் 31 சதவீதத்தினர் அறிகுறிகளைச் சொன்னார்கள். வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 சதவீதத்தினர் சொன்னார்கள். ஆனால் இத்தகைய சோதனைகள் பெரும்பாலும் சில வாரங்களோ மாதங்களோ மருந்து எடுத்தவர்களைப் பற்றியவை. ஐந்தாறு ஆண்டுகள் விழுங்கியவருக்கு அந்தக் கணக்கை அப்படியே பொருத்துவது சரியல்ல. மிக மெதுவாகக் குறைப்பதே மேல் என்று நிறுவும் பெரிய சோதனைகளும் போதுமான அளவில் இல்லை. அதையும் மறைக்கத் தேவையில்லை. இருந்தும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022 வழிகாட்டியில், அப்போது எடுக்கும் அளவில் ஒரு பங்கைக் குறைத்து, கீழே வர வர இன்னும் சிறிய படிகளாக இறங்கவும், மாத்திரையால் முடியாத அளவுகளுக்குத் திரவ மருந்தைப் பயன்படுத்தவும் சொல்கிறது. அது நியாயமாகவே படுகிறது.

இந்தக் கணக்கை எல்லா மனநல மருந்துக்கும் நீட்டக் கூடாது. இருமுனைக் கோளாறுக்குத் தரும் லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் பித்துநிலை சீக்கிரமே திரும்பக்கூடும். பதற்றத்துக்குத் தரும் அல்பிரசோலம், குளோனசெபம் போன்றவற்றை அப்படி நிறுத்தினால் வலிப்பே வரலாம். நீண்ட நேரம் வேலை செய்யும் கேப்ஸ்யூலை உடைத்துப் பொடியாக்குவதும் கூடாது. நாள் முழுவதும் கரைய வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். அதனால் எப்போது நிறுத்தலாம் என்று மனநல மருத்துவரிடம் கேட்பவர், மாத்திரையில் கிடைக்கும் மிகக் குறைந்த அளவுக்குக் கீழே எந்த வடிவத்தில், எத்தனை படிகளில், ஒவ்வொரு படியிலும் எத்தனை வாரம் நின்று இறங்குவது என்பதையும் சேர்த்துக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம்.