பிட்டியை வெட்டுமுன்

காணிக்குத் திரும்பினால் முதல் வேலை என்ன என்று இடம்பெயர்ந்த குடும்பங்களைக் கேட்டால், பற்றை வெட்டுவோம், கிணறு இறைப்போம், மேடு பள்ளம் நிரவுவோம் என்பார்கள். நியாயமான விடைதான். வாய்க்காலில் நீர் ஓட நிலம் சமமாக இருக்க வேண்டும். மேட்டு மண்ணுக்கு விலையும் உண்டு. ஆயினும் அந்த மேட்டைப் பற்றி நாம் சற்று ஆராய்வோம்.

யாழ்ப்பாணத்தில் 'பிட்டி' என முடியும் காணிப் பெயர்கள் பல. அவற்றுட் சில வெறும் மணல் மேடுகளே. ஆனைக்கோட்டைக் கரையாம்பிட்டி அப்படியன்று. அங்கே மண் வெட்டி அள்ளப்பட்டு மேடு அழிந்துகொண்டிருந்த வேளையில், 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் அகழ்வு செய்தனர். கலாநிதி பொ. இரகுபதி அதில் முன்னின்றவர். மனித எலும்புக்கூடுகளும், உட்புறம் கறுத்து வெளிப்புறம் சிவந்த மட்கலங்களும், பிராமி எழுத்துப் பொறித்த சிறு முத்திரை ஒன்றும் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஈமத்தலம் அது. நம் முன்னோர் இம்மண்ணில் எழுத்தறிந்து வாழ்ந்தனர் என்பதற்கு அம்முத்திரை சான்று. இன்னும் சில பாரம் மண் போயிருந்தால் அதுவும் போயிருக்கும்!

கந்தரோடையிலும் பழைய குடியிருப்பின்மேல் இன்று வீடுகளும் தோட்டங்களும் உள்ளன. 1917 அளவில் போல் பீரிஸ் அங்கே ஆய்வைத் தொடங்கினார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தினர் அகழ்ந்தனர். இங்கிலாந்தின் தென்பகுதியிலும் பழங்காலப் புதைமேடுகள் பல உழவு இயந்திரத்தால் தரைமட்டமாயின. ஆகவே இது நம் விவசாயிகளின் குற்றம் மட்டுமன்று.

எப்படி அறிவது? கண்ணிவெடி அகற்றப்பட்ட காணிதானா என்பதை முதலில் உறுதிசெய்க. பின், மழை பெய்து ஓய்ந்ததும் மேட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். கறுப்பும் சிவப்புமான ஓட்டுத் துண்டுகள், சங்குத் துண்டுகள், எலும்பு, இரும்புக் கிட்டம் ஆகியன சேர்ந்து தென்பட்டால் மண்வெட்டியை நிறுத்துங்கள். தோண்டிப் பார்க்க வேண்டாம். பொருள் கிடந்த ஆழமும் அதன் அருகே கிடந்தவையுமே அதன் காலத்தைச் சொல்லும். எடுத்து வீட்டில் வைத்த ஓடு ஊமை.

"அறிவித்தால் காணி பறிபோகுமே, ஐயா?" இக்கேள்வியை நாம் இலேசாகத் தள்ளவில்லை. பல்லாண்டு காலம் காணியை இழந்திருந்தவர்கள் கேட்கும் கேள்வி அது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் இத்தகைய பொருட்களைக் கண்டால் அறிவிக்க வேண்டும் என்கிறது. மறைப்பதும் ஆபத்து, தனியே போவதும் நல்லதன்று. உறுதியின் பிரதியையும் மேட்டின் படத்தையும் எடுத்துக்கொண்டு, அயலவர் இருவருடன் கிராம அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். பிரதியொன்றைப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைக்கும் அனுப்புங்கள். பதில் வரும்வரை மேட்டைச் சுற்றி இரண்டு முழம் விட்டு மற்றப் பகுதியில் வெங்காயம் நடலாம்.