அணை நீரும் ஆற்று மீனும்

அணை கட்டி நீரைத் தேக்கினால் நிலத்துக்குப் பாசனம் கிடைக்கும் என்பது யாவரும் அறிந்ததே. ஓடிக்கொண்டிருந்த ஆறு ஓரிடத்தில் நின்றுபோகும்பொழுது அதில் வாழும் மீனுக்கு என்ன நேருகிறது என்பதை அறிந்தவர் சிலரே. நீர்த்தேக்கத்தில் மீன் பிடித்து ஜீவிக்கும் குடும்பங்களும், அவர்களுடைய கூட்டுறவுச் சங்கங்களும் இதை அறிந்திருத்தல் அவசியமாகும்.

காவேரியின் குறுக்கே மேட்டூரில் 1925-ல் தொடங்கப்பட்ட அணை 1934-ல் முடிவுற்றது. நீர்மட்டம் 120 அடியாக உயரும்பொழுது அத்தேக்கம் ஏறக்குறைய 153 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து நிற்கும். இதனை ஒரு பெரிய ஏரி என்று எண்ணுவது இயல்பே. ஆயினும் இது ஏரியுமன்று, ஆறுமன்று. ஒகேனக்கல் பக்கமுள்ள தலைப்பில் ஆற்றின் தன்மையும், அணையோரத்தில் ஆழ்ந்த ஏரியின் தன்மையும் காணப்படும். ஒரே மீன் தன் வாழ்நாளில் இவ்விரண்டையும் நாடுகிறது.

வெள்ளமும் இனப்பெருக்கமும்

கெண்டை இனத்தைச் சேர்ந்த பெரிய மீன்களுள் பல, நின்ற நீரில் முட்டையிடுவதில்லை. குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழையால் ஆறு பெருகி வரும்பொழுது, சினை முதிர்ந்த மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து மேலே செல்லுகின்றன. கட்லா போன்ற மீன்களின் முட்டைகள் செடியிலோ கல்லிலோ ஒட்டுவதில்லை. ஓடும் நீரில் மிதந்தவாறே ஏறக்குறைய ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். ஒரு கிலோ எடையுள்ள பெண்மீன் லட்சத்துக்கு மேற்பட்ட முட்டைகளை இடக்கூடும். ஆகையால், வெள்ளக் காலத்தில் தலைப்பில் வலை விரித்துச் சினை மீனைப் பிடிப்பது, விதை நெல்லைக் குத்தித் தின்பதற்கு ஒப்பாகும்.

குஞ்சுகளுக்கு இரை கிடைப்பதும் வெள்ளத்தினாலேயே. நீர் வற்றிய மாதங்களில் தேக்கத்தின் ஓரங்கள் வெளியே தெரியும். பண்ணவாடிப் பக்கம் மூழ்கிக் கிடந்த பழைய கோயிலின் நந்தியும் தலைகாட்டும். அந்நிலத்தில் புல் முளைக்கும். சிலர் பயிரும் செய்வர். மறுபடி நீர் ஏறும்பொழுது புல்லும் தாளும் மூழ்கி மக்கி, நீருக்கு எருவாகின்றன. அதனால் கண்ணுக்குத் தெரியாத பாசிகளும் சிற்றுயிர்களும் பெருகி, மீன்குஞ்சுகளுக்கு உணவாகின்றன. ஆழத்தில் வெயில் எட்டாது. அடியில் படியும் கழிவு மக்கும்பொழுது பிராணவாயுவும் குறையும். எனவே தேக்கத்தின் செழிப்பு பெரும்பாலும் அதன் ஆழமில்லாத ஓரங்களிலேயே அமைந்திருக்கிறது.

அணையினால் விளைந்த மாறுதல்

கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறி முட்டையிடும் உல்லம் என்னும் மீனுக்கு, கொள்ளிடத்தில் 1836-ல் கட்டப்பட்ட கீழணை முதல் தடையாயிற்று. மேட்டூர் அணையால் வெள்ளமும் குறையவே, காவேரியில் அம்மீன் மிகவும் அருகிப்போயிற்று. வேகமான நீரோட்டத்தையும் பாறை மடுக்களையும் நாடும் காவேரியின் திமில் மாசீர் மீன் அழியும் தறுவாயிலுள்ளதாக 2018-ல் உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

வேறு சில மீன்களோ பெருகின. கங்கை முதல் கிருஷ்ணா வரையிலுள்ள ஆறுகளுக்குரிய கட்லா, காவேரிக்குக் கொண்டுவந்து விடப்பட்டதாகும். 1952-ல் இந்தியாவுக்கு வந்த திலேப்பியா மீனுக்கு வெள்ளம் வேண்டியதில்லை. கரையோரச் சேற்றில் குழி பறித்து முட்டையிட்டு, அவற்றை வாயில் அடைகாத்து, ஆண்டில் பலமுறை பெருகும். நின்ற நீரில் இத்தகைய மீனுக்கே அனுகூலம் அதிகம்.

1957-ல் ஹீராலால் சௌத்ரியும் அலிக்குஞ்ஞியும் கெண்டை மீன்களுக்கு மூளையடிச் சுரப்பியின் சாற்றைச் செலுத்தி முட்டையிடச் செய்தனர். அதுமுதல் மீன்குஞ்சு கிடைப்பது எளிதாயிற்று. ஆனால் மிகச் சிறிய குஞ்சுகளைத் தேக்கத்தில் விடுவது வாளை மீனுக்கு இரை போடுவதேயாகும். அவற்றைக் குளத்தில் வளர்த்து, நான்கு அங்குலமாவது ஆனபின் விடுவதே பயன் தரும்.

வலைக்கண்ணின் கணக்கு

கால் கிலோ எடையுள்ள நூறு கட்லாக் குஞ்சுகளைச் சிறுகண் வலையில் பிடித்தால் கிடைப்பது இருபத்தைந்து கிலோ. அவற்றை விட்டுவைத்து, பாதிக்கு மேல் இறந்து நாற்பதே மிஞ்சியதாகக் கொண்டாலும், அவை இரண்டு கிலோவாக வளர்ந்தபின் எண்பது கிலோ கிடைக்கும். பெரிய மீனுக்கு விலையும் அதிகம்; ஒருமுறை முட்டையிட அதற்கு அவகாசமும் கிடைக்கும்.

இது தெரிந்தும் தனி மனிதன் பொறுத்திருப்பது அரிது. தான் விட்ட மீனை அடுத்த பரிசலிலுள்ளவர் பிடித்துவிடுவார் என்ற அச்சமே காரணம். கட்டுப்பாடு எல்லோருக்கும் பொதுவானால் அவ்வச்சம் நீங்கும். சங்கம் செய்யவேண்டிய வேலை இதுவே. சென்னை மாகாணத்தில் விவசாய பாங்குகளைப் பற்றி 1895-லும் 1897-லும் அறிக்கை வெளியிட்ட சர் பிரடெரிக் நிக்கல்சனே, பின்னர் அம்மாகாணத்தின் மீன் துறையையும் தொடங்கி நடத்தினார் என்பது இங்கே நினைவுகூரத்தக்கது.

சங்கங்கள் கடைப்பிடிக்க வேண்டியவை

1. ஆறு பெருகிவரும் மாதங்களில் தலைப்பில் வலை விரிக்கலாகாது என்று மகாசபையில் தீர்மானித்து, எல்லையைக் கரையில் அடையாளமிட்டுக் காட்ட வேண்டும்.

2. சிறுகண் வலைகளை விலக்க வேண்டும். அவற்றை மாற்ற இயலாத ஏழை அங்கத்தினருக்குச் சங்கமே தவணையில் புதுவலை கொடுத்தல் நலம்.

3. அன்றன்று பிடிபடும் மீனை இனவாரியாக எண்ணி, எடையிட்டுப் பதிவு செய்ய வேண்டும். மொத்த எடை குறையாவிடினும் ஒரு மீனின் சராசரி எடை ஆண்டுக்காண்டு குறைந்துவந்தால், முதலே கரைகிறது என்று அறியலாம்.

4. அந்நிய மீன்களை, முக்கியமாக இந்தியாவில் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை, தேக்கத்தில் விடலாகாது.

கடன் சங்கத்தில் முதலை வைத்துக்கொண்டு வட்டியில் செலவு செய்பவன் நிலைப்பான். தேக்கத்தில் முட்டையிடும் மீனே முதல். அதன் பெருக்கமே வட்டி. வெள்ளம் வரும் சில வாரங்கள் வலை உலர்ந்து கிடப்பதால் வருவாய் குறைவது மெய்யே. அக்குறைவை ஈடுசெய்யச் சங்கம் மற்ற மாதங்களில் சிறிது நிதி சேர்த்து வைத்திருக்குமாயின், எந்தக் குடும்பமும் சினை மீனைப் பிடிக்கும் நிர்ப்பந்தத்துக்கு ஆளாகாது.