கைகள் பேசும் மொழி

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 1989ஆம் ஆண்டு பிறந்தவர் நைல் டிமார்க்கோ. இவர் பிறவியிலேயே காது கேளாதவர். இவருடைய பெற்றோரும் உடன்பிறந்தோரும் அவ்வாறே. ஆதலால், வீட்டில் அனைவரும் சைகைமொழியிலேயே உரையாடினர். காது கேளாதோருக்கான கேலடெட் பல்கலைக்கழகத்தில் நைல் கணிதம் பயின்று, 2013இல் பட்டம் பெற்றார்.

2015இல் 'அமெரிக்காஸ் நெக்ஸ்ட் டாப் மாடல்' எனும் தொலைக்காட்சிப் போட்டியில் இவர் கலந்துகொண்டார். உடன் தங்கியிருந்த போட்டியாளர்கள் அனைவரும் காது கேட்பவர்கள். ஒருமுறை இருளில் புகைப்படம் எடுத்தபோது, சைகையையோ உதட்டசைவையோ காண இயலாமல் தவித்தார். ஆயினும், மனந்தளராமல் போட்டியிட்டு வெற்றி வாகை சூடினார். மறு ஆண்டு, 'டான்சிங் வித் த ஸ்டார்ஸ்' நடனப் போட்டியிலும் முதலிடம் பெற்றார். இசை செவிக்கு எட்டாத நிலையில், தம்முடன் ஆடியவரின் தொடுகுறிப்புகளையும் அசைவுகளையும் உணர்ந்து ஆடினார்.

புகழோடு நைல் நின்றுவிடவில்லை. காது கேளாத குழந்தைகளுள் பெரும்பாலோர், காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர். அப்பெற்றோருள் பலருக்குச் சைகைமொழி தெரியாது. இதனால், அக்குழந்தைகள் எம்மொழியையும் முழுமையாகப் பெறாமல் வளர நேரிடுகிறது. இந்நிலையை மாற்ற, 2016இல் தம் பெயரில் ஓர் அறவாரியத்தை நிறுவினார். பின்னர், கேலடெட் மாணவர்களின் வாழ்க்கையைக் காட்டும் 'டெஃப் யூ' தொடரின் தயாரிப்பிலும் பங்கேற்றார். அது 2020இல் வெளிவந்தது.

நைலுக்குக் குழந்தைப்பருவத்திலேயே ஒரு மொழி கிடைத்தது. அவ்வாய்ப்பு ஒவ்வொரு குழந்தைக்கும் கிடைக்க வேண்டும் என்பதே அவரது வேட்கை.