பள்ளிப் பருவத்திலேயே பல்கலைக்கழகக் கிரெடிட்: அவசரப்படும் முன் ஒரு பாடம்



போன மாதம் எங்கள் கிளையின் ஞாயிறு வகுப்பில் படிவம் 4 மாணவி ஒருத்தி கேட்டாள்: "அண்ணே, அமெரிக்காவில ஸ்கூல்ல படிக்கும்போதே யூனிவர்சிட்டி கிரெடிட் எடுத்துடுறாங்களாமே, நாம ஏன் எடுக்க முடியாது?" பக்கத்தில் இருந்த பையன், "எனக்கு எஸ்.பி.எம்-ல அஞ்சு கிரெடிட் கிடைச்சாலே போதும்" என்றான். எல்லாரும் சிரித்துவிட்டோம். ஆனால் இருவரும் பேசியது ஒரே கிரெடிட்டைப் பற்றி அல்ல. அதனால் இந்தப் பாடத்தை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1. எந்தக் கிரெடிட்?

எஸ்.பி.எம். தேர்வில் கிரெடிட் என்றால் ஒரு பாடத்தில் 'சி' அல்லது அதற்கு மேல் எடுப்பது. அது தேர்ச்சியின் தரம். டிப்ளோமாவில் சேரக் குறைந்தது 3 கிரெடிட் வேண்டும் என்று சொல்வது இதைத்தான்.

பல்கலைக்கழகக் கிரெடிட் வேறு. அது உழைப்பின் அளவு. மலேசியத் தகுதிக் கட்டமைப்பின்படி 1 கிரெடிட் என்பது சுமார் 40 மணி நேரப் படிப்பு. விரிவுரை, டியூட்டோரியல், வீட்டில் படிப்பது, அசைன்மென்ட், தேர்வு எல்லாம் இந்த 40-க்குள் அடங்கும். 3 கிரெடிட் பாடம் என்றால் 120 மணி நேரம். டிப்ளோமாவுக்குக் குறைந்தது 90 கிரெடிட், இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120. பட்டத்துக்கு மட்டும் கணக்குப் போட்டால் 4,800 மணி நேரம் வருகிறது!

"கிரெடிட் எடுக்கணும்" என்று இனி யார் சொன்னாலும், எதைச் சொல்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

2. அமெரிக்காவில் என்ன செய்கிறார்கள்?

அங்கே இரண்டு வழிகள் பிரபலம்.

முதலாவது ஏ.பி. எனப்படும் அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட். காலேஜ் போர்டு என்ற அமைப்பு 1950-களின் நடுப்பகுதியிலிருந்து இதை நடத்துகிறது. மாணவர் தன் பள்ளியிலேயே கல்லூரித் தரப் பாடம் படிப்பார். மே மாதத்தில் பொதுத் தேர்வு. மதிப்பெண் 1 முதல் 5 வரை. பல கல்லூரிகள் 3-க்கே கிரெடிட் தருகின்றன. போட்டி அதிகமுள்ள பல்கலைக்கழகங்கள் 4 அல்லது 5 கேட்கும். சில இடங்களில் கிரெடிட்டே கிடையாது. நேராக மேல்நிலைப் பாடத்தில் உட்கார அனுமதி மட்டும் கிடைக்கும்.

இரண்டாவது இரட்டைப் பதிவு. உயர்நிலைப்பள்ளி மாணவர் அருகிலுள்ள சமூகக் கல்லூரியிலும் பதிந்து, உண்மையான கல்லூரிப் பாடத்தையே எடுப்பார். மினசோட்டா மாநிலம் 1985-லேயே இதற்குச் சட்டம் கொண்டுவந்தது.

இரண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஏ.பி. தேர்வு ஒரே நாளில் முடிந்துவிடும். மதிப்பெண் குறைந்தால் அதைக் காட்டி கிரெடிட் கேட்காமல் விட்டுவிடலாம். இரட்டைப் பதிவில் அப்படி முடியாது. 16 வயதில் வாங்கிய 'டி' கிரேடு கல்லூரிப் பதிவேட்டில் அப்படியே இருக்கும். பின்னால் வேறு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தாலும் அது கூடவே வரும்.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் செய்கிறார்கள்? அங்கே கட்டணம் பெரும்பாலும் கிரெடிட் கணக்கில் வருகிறது. 15 கிரெடிட் முன்கூட்டியே கிடைத்தால் ஏறக்குறைய ஒரு செமஸ்டர் மிச்சம்.

3. நாம் பின்தங்கியா இருக்கிறோம்?

இங்கேதான் பலர் தவறாக நினைக்கிறார்கள். அமெரிக்கப் பட்டம் பொதுவாக 4 ஆண்டு. முதல் ஆண்டில் கணிதம், அறிவியல், எழுத்து என்று பொதுப் பாடங்கள் நிறைய. நம்மிடம் அந்தத் தரப் பாடங்களில் பெரும்பகுதி பல்கலைக்கழகத்துக்கு முன்பே வந்துவிடுகிறது. படிவம் 6-இல் எஸ்.டி.பி.எம். மாணவர் படிக்கும் கால்குலஸும் வேதியியலும் ஏறக்குறைய அந்த நிலைதான். அதனால்தான் சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஏ லெவல், எஸ்.டி.பி.எம். முடிவுகளுக்கும் கிரெடிட் தருகின்றன.

"படிவம் 6-ஆ? வேற எதுவும் கிடைக்கலையா?" என்று உறவினர் யாராவது கேட்டால் தலைகுனிய வேண்டாம். குறைந்த செலவில் நம் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும் கதவு அது.

ஆனால் உள்நாட்டில் எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன், அசாசி மூன்றும் பட்டப்படிப்புக்குள் நுழையும் வழி மட்டுமே. அவை பொதுவாகப் பட்டத்தின் கிரெடிட்டைக் குறைக்காது. கிரெடிட்டைக் குறைக்கக்கூடியது டிப்ளோமா. டிப்ளோமா முடித்தவர் அதே துறையில் பட்டம் சேரும்போது கிரெடிட் மாற்றம் கேட்கலாம். அந்தப் பாடத்தில் குறைந்தது 'சி' கிரேடு இருக்க வேண்டும். பாடத்திட்டத்தின் பெரும்பகுதி ஒத்துப்போக வேண்டும். சிங்கப்பூரில் பாலிடெக்னிக் டிப்ளோமா முடித்துப் பல்கலைக்கழகம் போகிறவர்களுக்கும் சில பாடங்களிலிருந்து விலக்கு கிடைப்பதுண்டு.

4. பணம் கட்டும் முன் நான்கு கேள்விகள்

"இப்பவே சேர்ந்தா ஒரு வருஷம் மிச்சம்" என்று சொல்லும் விளம்பரங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்:

அ. இந்தக் கிரெடிட்டை ஏற்கப்போவது யார்? தருகிறவர் சொல்வது போதாது. நீங்கள் சேர விரும்பும் பல்கலைக்கழகம் எழுத்தில் சொல்ல வேண்டும்.

ஆ. இந்தப் படிப்பு மலேசியத் தகுதிப் பதிவேட்டில் இருக்கிறதா? இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை.

இ. பாடத்திட்டத்தின் முழு விவரம் கையில் இருக்கிறதா? கிரெடிட் மாற்றத்தின்போது அதைத்தான் ஒப்பிடுவார்கள். ஒவ்வொரு பாடத்தின் விவரத் தாளையும் பத்திரமாக வையுங்கள்.

ஈ. தாண்டிப் போகும் பாடம் எனக்கு உண்மையிலேயே தெரியுமா? முதல் கணிதப் பாடத்தைத் தாண்டிவிட்டு இரண்டாவதில் திணறினால், மிச்சமான செமஸ்டரை மறுபடி எடுக்கும் பாடத்தில் இழப்போம்.

கடைசிக் கேள்வியை நான் எப்போதும் கொஞ்சம் அழுத்திக் கேட்பேன். நம் வீடுகளில் பல பிள்ளைகள் கல்விக் கடன் வாங்கித்தான் படிக்கிறார்கள். ஒரு செமஸ்டர் குறைந்தால் அம்மா அப்பாவுக்கும் பெரிய நிம்மதி. அதனால் சீக்கிரம் முடிக்க நினைப்பதில் தவறே இல்லை. ஆனால் கிரெடிட் தாளில் ஏறுவதற்கு முன்னால் தலையில் ஏறியிருக்க வேண்டும்.

கலந்துரையாட

1. சென்ற வாரம் பள்ளிக்கு வெளியே எத்தனை மணி நேரம் படித்தீர்கள்? அந்த வேகத்தில் ஒரு கிரெடிட்டுக்கான 40 மணி நேரம் சேர எத்தனை வாரம் ஆகும்?

2. நீங்கள் படிக்க விரும்பும் துறைக்குப் படிவம் 6, மெட்ரிகுலேஷன், டிப்ளோமா மூன்றில் எது பொருந்தும்? செலவையும் காலத்தையும் எழுதி ஒப்பிடுங்கள்.

3. உங்கள் குழுவில் ஒருவர் மலேசியத் தகுதிப் பதிவேட்டைத் திறந்து, எல்லாரும் விரும்பும் ஒரு படிப்பைத் தேடிக் காட்டுங்கள். பதிவேட்டில் இல்லையென்றால் அடுத்து என்ன செய்வீர்கள்?

விடைகளை அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். அம்மா அப்பாவையும் உட்கார வைத்துப் பேசினால் இன்னும் நல்லது.