பட்டாளத்துக்காரர் வீட்டுக்குப் பயனுள்ள குறிப்புகள்: டிஸ்சார்ஜ் புக்கில் விட்டுப்போன வெளிநாட்டுப் பணியும் மெடலும்

வேலூர் பக்கத்துக் கம்மவான்பேட்டை போல, வீட்டுக்கொருவர் பட்டாளத்துக்குப் போன ஊர்கள் நம்மிடம் உண்டு. 1987 ஜூலை முதல் 1990 மார்ச் வரை அமைதிப்படையோடு இலங்கையில் இருந்தவர்கள், ஐ.நா. படையில் கம்போடியா, சோமாலியா, லெபனான், காங்கோ என்று போய் வந்தவர்கள் எனப் பலர் இன்று அறுபதையும் எழுபதையும் தாண்டிவிட்டார்கள். அவர்களில் சிலருடைய டிஸ்சார்ஜ் புக்கைப் புரட்டினால் அந்தப் பணியைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. மெடல் பீரோவில் இருக்கும், புத்தகத்தில் இருக்காது. அல்லது புத்தகத்தில் இருக்கும், மெடல் கைக்கு வந்தே இருக்காது. “எல்லாம் முடிஞ்சு போன கதை, விடுப்பா” என்பார் அவர். விடக்கூடாது. வீட்டில் இருப்பவர்கள்தான் இதைக் கையில் எடுத்துச் செய்ய வேண்டும்.

1. முதல் வேலை, டிஸ்சார்ஜ் புக்கை அட்டை முதல் அட்டை வரை வாசிப்பது. பென்ஷன் உத்தரவான பி.பி.ஓ.வை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று மூடி வைக்காதீர்கள். நம்பர், ரேங்க், பெயரின் எழுத்து, சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி, போர்ப்பணி, வெளிநாட்டுப் பணி, காயம், மெடல் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். முழுப் புத்தகத்தையும் ஜெராக்ஸ் எடுத்து, விட்டுப்போனதை ஜெராக்ஸ் பிரதியில் பென்சிலால் குறியுங்கள்.

2. அசலில் பேனா படக்கூடாது. விட்டுப்போனதை நல்லெண்ணத்தோடு நாமே எழுதிச் சேர்த்தாலும் அது திருத்தல் குற்றமாகத்தான் பார்க்கப்படும். ரெக்கார்ட் ஆபீஸ் அதிகாரியின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள பதிவு மட்டுமே செல்லும்.

3. அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, சர்வீஸ் முழுவதையும் வருட வரிசையில் எழுதி வாங்குங்கள். எந்த யூனிட், எந்தக் கம்பெனி, யார் கமாண்டிங் ஆபீசர், கப்பலில் போனாரா விமானத்திலா, எந்த ஊரில் இறங்கினார். தேதி கேட்டால் பலருக்கு நினைவு வராது. “அந்த வருஷம் தீபாவளிக்கு எங்கே இருந்தீங்க?” “அக்கா கல்யாணத்துக்கு லீவு கிடைச்சதா?” என்று கேட்டுப் பாருங்கள், மாதம் தானாக வந்து விழும். லீவில் வந்த தேதியும் திரும்பிப் போன தேதியும் பின்னால் பெரிய உதவியாக இருக்கும்.

4. பதிவு எப்படி விட்டுப்போகிறது என்பது தெரிந்தால், எதைத் தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். ஒரு சிப்பாயின் சர்வீஸில் நடக்கும் ஒவ்வொன்றையும், போஸ்டிங், புரமோஷன், கல்யாணம், குழந்தை, காயம், மெடல் எல்லாவற்றையும், அவருடைய யூனிட் ‘பார்ட் டூ ஆர்டர்’ என்ற உத்தரவாக வெளியிடும். அந்த ஆர்டர் ரெக்கார்ட் ஆபீசுக்குப் போய், அங்கே அவருடைய ‘ஷீட் ரோல்’ என்ற ஏட்டில் ஏறும். ஓய்வு பெறும்போது ஷீட் ரோலைப் பார்த்துத்தான் டிஸ்சார்ஜ் புக் எழுதுவார்கள். ஆக, தவறு மூன்று இடங்களில் ஒன்றில் நடந்திருக்கும்: ஆர்டரே வெளியாகவில்லை, வெளியானது ஷீட் ரோலில் ஏறவில்லை, ஷீட் ரோலில் இருந்தும் புத்தகத்துக்கு வரவில்லை. மூன்றாவது வகை என்றால் வேலை சுலபம். முதல் வகைக்குத்தான் ஆதாரம் திரட்ட வேண்டும். சொந்த யூனிட்டை விட்டு வேறொரு யூனிட்டோடு ‘அட்டாச்மென்ட்’டில் போனவர்களுக்கு இப்படி விட்டுப்போக வாய்ப்பு அதிகம். அந்த யூனிட் எழுதும் என்று இந்த யூனிட்டும், இந்த யூனிட் எழுதும் என்று அந்த யூனிட்டும் இருந்துவிடும்.

5. மெடல் வீட்டில் இருந்தால், வெளிச்சத்தில் அதன் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். நம் ராணுவ மெடல்களின் விளிம்பில் நம்பர், ரேங்க், பெயர், யூனிட் ஆகியவற்றைப் பொடி எழுத்தில் பொறித்திருப்பார்கள். அழுக்கு அடைந்திருந்தால் மெல்லிய துணியால் துடைத்தால் போதும். புளி, எலுமிச்சை, பாலிஷ் என்று போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். அந்த எழுத்துதான் உங்கள் முதல் சாட்சி. விளிம்பு தெளிவாகத் தெரியும்படி செல்போனில் படம் எடுத்து வையுங்கள். ஐ.நா. மெடலில் பெயர் பொறிப்பதில்லை. அதற்கு அதோடு வந்த சான்றிதழைத் தேட வேண்டும்.

6. நம்பர் மாறியிருந்தால் பதறாதீர்கள். ஹவில்தாராக இருந்து நாயப் சுபேதார் ஆனதும் பழைய நம்பர் போய் ‘ஜே.சி.’ என்று தொடங்கும் புது நம்பர் வரும். இலங்கைக்குப் போனது பழைய நம்பரில், ஓய்வு பெற்றது புது நம்பரில் என்றால் மெடல் ஒரு நம்பரிலும் புத்தகம் இன்னொரு நம்பரிலும் நிற்கும். எந்தக் கடிதம் எழுதினாலும் இரண்டு நம்பரையும் எழுதுங்கள். நம்பரின் கடைசியில் வரும் ஆங்கில எழுத்தையும் விடாதீர்கள்.

7. என்னென்ன மெடல் வர வேண்டும் என்று ஒரு கணக்குப் போடுங்கள். வெளிநாட்டுப் பணிக்கென்று 1960-இல் ஏற்பட்டது விதேஷ் சேவா மெடல். எந்த நாடு என்பதை ரிப்பன் மேலுள்ள ‘கிளாஸ்ப்’ பட்டை சொல்லும். ஐ.நா. பணிக்குப் பொதுவாக 90 நாள் இருந்திருந்தால் ஐ.நா. மெடல் உண்டு. 1997 ஆகஸ்ட் 15 அன்று சர்வீஸில் இருந்தவர்களுக்குச் சுதந்திரப் பொன்விழா மெடல் உண்டு. ஒன்பது வருடம், இருபது வருடம் என்று நீண்ட சேவைக்கும் மெடல்கள் உண்டு. எந்தப் பணிக்கு எந்த மெடல் என்பதில் சந்தேகம் இருந்தால் நீங்களே முடிவு கட்டி எழுதாமல், ‘இந்தப் பணிக்குரிய மெடல்’ என்று கேளுங்கள். உத்தரவைப் பார்த்துச் சொல்வது ரெக்கார்ட் ஆபீசின் வேலை.

8. சேனா மெடல் வாங்கியவர் வீட்டில் இதைக் கட்டாயம் கவனியுங்கள். சேனா மெடல் வீரத்துக்கும் தரப்படும், சிறந்த பணிக்கும் தரப்படும். மத்திய அரசு மாதாமாதம் தரும் படி, வீரத்துக்காக வாங்கியவர்களுக்கு மட்டுமே. பதிவில் வெறும் ‘சேனா மெடல்’ என்று நின்றுவிட்டால் பணமும் நின்றுவிடும். வீர விருதுகள் மத்திய அரசின் கெஜட்டில் வெளியாகும். குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டித்தான் பெரும்பாலும் அறிவிப்பார்கள். கெஜட் பக்கத்தின் பிரதி கிடைத்துவிட்டால் அதற்கு மேல் ஆதாரம் தேவையில்லை. ‘மென்ஷன் இன் டெஸ்பாட்சஸ்’ என்ற பாராட்டை அப்பாவே சின்ன விஷயமாக நினைத்திருப்பார். முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கான கல்வி ஒதுக்கீட்டின் முன்னுரிமை வரிசையில் வீர விருது பெற்றவர்களின் பிள்ளைகளுக்குத் தனி இடம் உண்டு. அந்தப் பட்டியலில் அந்தப் பாராட்டும் சேரும். மகளின் மருத்துவ சீட்டே அந்த ஒரு வரியில் தொங்கலாம்.

9. பழைய கடிதங்களை எடைக்குப் போடாதீர்கள். சிப்பாயின் விலாசத்தில் ‘56 ஏ.பி.ஓ.’ அல்லது ‘99 ஏ.பி.ஓ.’ என்றுதான் இருக்கும். அது இருக்கும் இடத்தை மறைப்பதற்கான விலாசம். அதை வைத்து எங்கே இருந்தார் என்று சொல்ல முடியாது. அதில் குத்தியிருக்கும் வட்ட முத்திரையைப் பாருங்கள். ‘எஃப்.பி.ஓ.’ என்ற எழுத்தும் ஒரு நம்பரும் தேதியும் இருக்கும். அந்த நம்பர்தான் எந்தக் களத் தபால் நிலையம் என்று காட்டுவது. உள்ளே “இங்கே மழை, எல்லாரும் சௌக்கியம்” என்பதற்கு மேல் எதுவும் இல்லாத கடிதம்கூட, வெளியே உள்ள அந்த முத்திரையால் சாட்சியாகிவிடும். தாத்தா காலத்துக் கடிதம் என்றால் தபால்தலையையும் பாருங்கள்: காங்கோவில் இருந்த நம் படைக்கு 1962-இல் இந்தியத் தபால்தலையின் மேலேயே ஐ.நா. படை, காங்கோ என்று அச்சிட்டுக் கொடுத்தார்கள். 1965-இல் காசா படைக்கும் அப்படியே. தபால்தலையைப் பிய்த்து ஆல்பத்தில் ஒட்டிவிடாமல் உறையோடு வையுங்கள்.

10. வேறு ஆதாரங்கள்: மூவ்மென்ட் ஆர்டர், லீவ் சர்டிபிகேட், வெளிநாட்டு அலவன்ஸ் காட்டும் சம்பளச் சீட்டு, மிலிட்டரி ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் ஸ்லிப், பின்பக்கம் தேதி எழுதிய குரூப் போட்டோ. கூட இருந்த இரண்டு பேரிடம் நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் வாங்கலாம். ஆனால் “இவரை எனக்குத் தெரியும்” என்ற மட்டில் எழுதினால் பயனில்லை. எந்த மாதம், எந்த இடம், எந்தக் கம்பெனி என்று எழுதி, அதே பணி பதிவாகியிருக்கும் அவர்களுடைய டிஸ்சார்ஜ் புக் பக்கத்தின் பிரதியையும் சேர்க்க வேண்டும். அப்போதுதான் ரெக்கார்ட் ஆபீசுக்குத் தேட ஒரு நூல் கிடைக்கும்.

11. எங்கே எழுதுவது? அவருடைய ரெஜிமென்ட் அல்லது கோரின் ரெக்கார்ட் ஆபீசுக்கு. மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரி வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரு. ஆர்ட்டிலரிக்கு நாசிக் ரோடு. சிக்னல்ஸுக்கு ஜபல்பூர். இ.எம்.இ.க்குச் செகந்திராபாத். மெடிக்கல் கோருக்கு லக்னோ. விமானப்படைக்கு டெல்லி சுப்ரதோ பார்க், கடற்படை மாலுமிகளுக்கு மும்பை மான்குர்டு. டெல்லியில் இருக்கும் அமைச்சகத்துக்கும் குடியரசுத் தலைவருக்கும் மனு போடுவதால் வேகம் பிறக்காது. அந்த மனு சுற்றிச் சுற்றி இதே ரெக்கார்ட் ஆபீசுக்குத்தான் வந்து சேரும்.

12. கடிதம் ஒரு பக்கம் போதும், ஆங்கிலத்திலோ இந்தியிலோ. தியாகம், மனவேதனை எல்லாம் எழுதத் தோன்றும்; அது நியாயம்தான். ஆனால் மேசையில் இருக்கும் கிளார்க்குக்குத் தேவை நம்பரும் தேதியும். சாரம் இப்படி இருக்கட்டும்: “நான் இந்த நம்பர், இந்த ரேங்க். இந்தத் தேதியில் சேர்ந்து இந்தத் தேதியில் ஓய்வு பெற்றேன். இந்த மாதம் முதல் இந்த மாதம் வரை இந்த யூனிட்டோடு இலங்கையில் பணி செய்தேன். டிஸ்சார்ஜ் புக்கில் அது பதிவாகவில்லை. ஆதாரங்கள் இணைத்துள்ளேன். பதிவேட்டைச் சரிபார்த்து, பார்ட் டூ ஆர்டர் வெளியிட்டு, டிஸ்சார்ஜ் புக்கில் பதிந்து தரவும், உரிய மெடலை அனுப்பவும் வேண்டுகிறேன்.” கீழே கையெழுத்து, விலாசம், செல்போன் நம்பர், இணைப்புகளின் வரிசை.

13. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்புங்கள். பிரதிகளில் சான்றொப்பமும் கிடைக்கும், ஒரு முகப்புக் கடிதமும் கிடைக்கும். நேரடியாக அனுப்பினால் ஸ்பீடு போஸ்ட். ரசீதைக் கடிதப் பிரதியோடு பின் செய்யுங்கள். அசல் புத்தகத்தை அவர்கள் எழுத்தில் கேட்டால் மட்டுமே அனுப்ப வேண்டும்.

14. பதில் வரவில்லையா? தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து, அதே ரெக்கார்ட் ஆபீசின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். “ஏன் தரவில்லை?” என்று கேட்காதீர்கள். “என்னுடைய ஷீட் ரோலின் பிரதி, இந்த வருடத்திலிருந்து இந்த வருடம் வரை என் பெயரில் வெளியான பார்ட் டூ ஆர்டர்களின் பிரதி, இந்தத் தேதியிட்ட என் கடிதத்தின் மேல் எடுத்த நடவடிக்கையின் பிரதி” என்று ஆவணத்தைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் பிறகு மத்தியத் தகவல் ஆணையம். என் கருத்தைக் கேட்டால், திருத்தம் கேட்பதற்கு முன்னாலேயே ஷீட் ரோலை வாங்கிப் பார்த்துவிடுவதுதான் நல்லது. தவறு எந்த இடத்தில் என்று தெரிந்துகொண்டு எழுதலாம்.

15. வெளிநாட்டுப் பணியில் காயம்பட்டவர் என்றால் இன்னொரு வரியையும் பார்க்க வேண்டும். காயம் ‘பேட்டில் கேஷுவல்டி’ என்று பதிவாகியிருக்கிறதா, ‘பிசிக்கல் கேஷுவல்டி’ என்றா? போர்க்காயத்துக்கான பென்ஷன் விகிதமே வேறு. இஞ்சுரி ரிப்போர்ட், ஆஸ்பத்திரி காகிதம் இரண்டையும் தேடுங்கள். இது வெறும் கிளார்க் பிழையாக முடியாமல் போகலாம். ஆரம்பத்திலேயே விவரம் தெரிந்த வக்கீலைப் பார்ப்பது நல்லது.

16. ரெக்கார்ட் ஆபீஸ் எழுத்தில் மறுத்துவிட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் உண்டு. 2007-ஆம் வருடச் சட்டத்தில் ஏற்பட்டது. சென்னையிலேயே அதன் கிளை இருக்கிறது. இறுதி உத்தரவு வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். ஆகவே மறுப்புக் கடிதத்தையும் அது வந்த உறையையும் பத்திரப்படுத்துங்கள்.

17. திருத்தம் கிடைத்ததும் வேலை முடிந்துவிடவில்லை. பார்ட் டூ ஆர்டரின் பிரதியை வாங்குங்கள். டிஸ்சார்ஜ் புக்கில் ஏறியதா பாருங்கள். பென்ஷனைத் தொடும் மாற்றம் என்றால் பி.பி.ஓ.விலும் ‘ஸ்பர்ஷ்’ என்ற ஆன்லைன் பென்ஷன் பதிவிலும் வர வேண்டும். மாவட்ட அலுவலகத்திலும் ஒரு பிரதி கொடுத்து அவர்கள் பதிவில் சேர்க்கச் சொல்லுங்கள்; வீர விருதுக்கு மாநில அரசு தரும் பணத்துக்கு அங்கேதான் போக வேண்டும்.

18. “டெல்லியில ஆள் இருக்கு, நான் முடிச்சுத் தர்றேன்” என்பவரிடம் அசல் காகிதத்தையும் ஓ.டி.பி.யையும் கொடுத்துவிடாதீர்கள். மேலே சொன்ன எதற்கும் இடையில் ஆள் தேவையில்லை.

19. அவர் இல்லாமல் போயிருந்தால் மனைவி விண்ணப்பிக்கலாம். வராத மெடலை அவர் சார்பில் வாங்கிக்கொள்ளவும் முடியும். இறப்புச் சான்றும், மனைவி பெயர் இருக்கும் டிஸ்சார்ஜ் புக் அல்லது பி.பி.ஓ. பக்கமும் வேண்டும். மனைவி பெயரே தவறாக இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள்.

20. பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்கள் இன்றே எழுத உட்கார வேண்டும். அவர்களுடைய ஷீட் ரோலை 25 வருடம் மட்டும் வைத்திருந்து பிறகு அழித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு மிஞ்சுவது ‘லாங் ரோல்’ என்ற பேரேட்டில் இருக்கும் சில அடிப்படை விவரங்கள் மட்டுமே. உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால், அவர் வெளியே வந்த வருடத்தைக் கேட்டுக் கணக்குப் பாருங்கள். நாள் மிச்சம் இருக்கிறது என்றால் கடிதத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள்.